சாகும் ஊரின் பெயர் சீவிதா

பத்து யூரோ கொடுத்து இரண்டு சீட்டு வாங்கியதும் அம்மா கேட்டாள்: "என்னப்பா, கோயிலா மியூசியமா?"

"ரெண்டும் இல்லம்மா. ஊரு."

"ஊருக்குள்ள போறதுக்கா சீட்டு?"

"ஆளுக்கு அஞ்சு யூரோ."

அம்மா உதட்டுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டாள். வந்த விடை பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அம்புட்டுப் பெரிய ஊரா? எத்தனை தலைக்கட்டு?"

தலைக்கட்டு என்ற சொல்லைக் கேட்டு எனக்குப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் ஊர் தேவகோட்டைப் பக்கம். அங்கே அம்மன் கோயில் திருவிழா வந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். ஊர் எவ்வளவு பெரிசு என்று கேட்டால் யாரும் ஏக்கரில் சொல்வதில்லை. எண்பது தலைக்கட்டு, நூத்திருபது தலைக்கட்டு என்பார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டியவன் ஒரு தலைக்கட்டு. அவ்வளவுதான் கணக்கு.

"பத்து இருக்கும்."

"பத்துத் தலைக்கட்டுக்கா இத்தனை கூட்டம்?"

"தலைக்கட்டு இல்லம்மா. ஆளே பத்துப் பேர்தான்."

அம்மா நின்றுவிட்டாள். "ஊருக்குள்ள வரி போட ஆளில்ல. அதனால வேடிக்கை பாக்க வர்றவக தலைக்கு வரி போடுறாக. நல்லா இருக்கு."

இத்தாலியப் பத்திரிகைகள் பத்து வருஷமாகப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் விஷயத்தைப் பாலத்தில் கால் வைக்குமுன்பே முடித்துவிட்டாள்.

நாங்கள் போனது சீவிதா தி பான்யோரேஜோ. ரோமுக்கு வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர், விதெர்போ மாவட்டம். என் வேலை ரோமில். அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தாள். கொலோசியத்தையும் ஃபோரத்தையும் காட்டியாகிவிட்டது. "எல்லாம் இடிஞ்சு கெடக்கு" என்பதே அவளுடைய தீர்ப்பு. அப்படிப்பட்டவளை இன்னும் இடிந்துகொண்டிருக்கும் ஊருக்கு அழைத்துப் போகலாமா என்று எனக்கும் யோசனைதான். நவம்பர் மாதம், வார நாள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று கிளம்பினோம். ரோமிலிருந்து ஒர்வியேத்தோவுக்கு ரயில். அங்கிருந்து வளைந்து வளைந்து போகும் பேருந்தில், சீவிதாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பான்யோரேஜோ. பிறகு அந்தச் சிற்றூரின் ஒரே நீளத் தெரு வழியாக அதன் கடைசி விளிம்பு வரை நடை.

விளிம்பில் நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். "இதைப் பாக்கவா வந்தோம்?" என்று அம்மா கேட்கவில்லை, ஆனால் கேட்பதுபோல நின்றாள். கால் மணி நேரம் கழித்து மூட்டம் நடுவில் கொஞ்சம் விலகியது. முதலில் ஒரு மணிக்கூண்டு. பிறகு அதைச் சுற்றி ஓட்டுக் கூரைகள். பிறகு அந்தக் கூரைகளைத் தூக்கிப் பிடித்திருக்கும் மஞ்சள் பாறை. பாறைக்குக் கீழே மறுபடியும் வெள்ளை. தட்டில் வைத்து யாரோ நீட்டியதுபோல ஓர் ஊர் அந்தரத்தில் நின்றது. இந்தக் காட்சியைப் படங்களில் நூறு முறை பார்த்திருக்கிறேன். அதனால் நேரில் ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியர் வாயில் அது நம் காதுக்கு 'சீவிதா' என்றே விழும். லத்தீனில் நகரத்துக்கு 'சிவிதாஸ்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஆனால் தமிழ்க்காது சும்மா இருக்குமா? சீவிதம் என்றால் உயிர்வாழ்வு. இந்த ஊருக்கு இத்தாலி முழுவதும் வழங்கும் பட்டப்பெயரோ 'சாகும் ஊர்'. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர். 1896இல் பான்யோரேஜோவில் பிறந்தவர், ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். மண்ணின் மைந்தர் தன் ஊரைப் பார்த்து வருந்திச் சொன்ன சொல், இன்று நுழைவாயிலில் வரவேற்புப் பலகையாக நிற்கிறது. சாவதாகச் சொன்னதால்தான் உலகம் பார்க்க வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஏன் சாகிறது? பாறையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கீழே களிமண், மேலே எரிமலைக்கல். ஒரு காலத்தில் இந்த நிலம் கடலடியில் கிடந்தது. அந்தக் கடல் விட்டுப்போன களிமண்ணில் இன்றும் சிப்பிகள் கிடைக்கும். பிறகு பக்கத்தில், இன்று பொல்சேனா ஏரி இருக்கும் இடத்தைச் சுற்றி எரிமலைகள் வெடித்தன. சாம்பலும் கற்களுமாகக் கக்கியது அடுக்கடுக்காக விழுந்து இறுகியது. அதை 'தூஃபோ' என்பார்கள். நம் பக்கத்துச் செம்புறாங்கல் மாதிரி, வெட்டும்போது சொன்னபடி கேட்கும் கல். கோடரியும் உளியும் போதும், அறை குடையலாம், தொட்டி வெட்டலாம், சுவர் எழுப்பலாம். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்பு எத்ருஸ்கர்கள், ரோமானியருக்கு முந்தி இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள், இதன் மேல் குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சங்கடம் கல்லில் இல்லை, கல் உட்கார்ந்திருக்கும் களிமண்ணில். அது மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், அடுத்த மழையில் வழுக்கும். இருபுறமும் இரண்டு ஓடைகள் அடியை அரிக்கின்றன. ஒன்றின் பெயர் ரியோ தோர்பிதோ, இன்னொன்று ரியோ கியாரோ. கலங்கலாறு, தெளிவாறு என்று நாம் சொல்லலாம். கலங்கலும் தெளிவும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கீழே மண் நழுவினால் மேலே பாறையின் விளிம்புக்குப் பிடிமானம் போய்விடும். விளிம்புக்கு இணையாக மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழும். வெடிப்பில் மழைநீர் இறங்கும். ஒரு நாள் அந்தத் துண்டு, மேலிருக்கும் தோட்டத்தோடும் சுவரோடும் போய்விடும். எத்ருஸ்கர்கள் ஓடைகளுக்குக் கரைகட்டி, மழைநீர் வடியக் கால்வாய் வெட்டி இதைச் சமாளித்தார்கள். ரோமானியர்களும் அதைத் தொடர்ந்தார்கள். பின்னால் வந்தவர்கள் கவனிக்கவில்லை. சரிவுகளில் மரத்தை வெட்டி உழுதார்கள். இன்று பள்ளத்தாக்கில் கத்திமுனை கத்திமுனையாக நிற்கும் வெளிறிய மண்வரப்புகளுக்கு 'கலாங்கி' என்று பெயர். பார்க்க அழகு. ஆனால் அவை நேற்றைய வயல்கள்.

அம்மாவுக்குப் பாலம் சிரமமாக இருந்தது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். காற்று வேறு முந்தானையை இழுத்தது. நடுவில் இரண்டு முறை நின்றோம். இரண்டாவது முறை நின்றபோது பின்னாலிருந்து 'பட பட' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மூன்று சக்கர வண்டி, பின்னால் தண்ணீர் பாட்டில் கட்டுகளும் காய்கறிப் பெட்டிகளும். கைப்பிடியோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். அம்மாவின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "ஆப்பே ஆட்டோ!"

ஆமாம், ஆப்பேதான். நம் சிற்றூர்களில் ஷேர் ஆட்டோவாக ஓடுகிறதே, அதன் பூர்விகம் இத்தாலி. வெஸ்பா ஸ்கூட்டர் செய்த அதே பியாஜியோ கம்பெனி 1948இல் கொண்டுவந்தது. வெஸ்பா என்றால் குளவி, ஆபே என்றால் தேனீ. கார் நுழைய முடியாத இந்த ஊருக்குள் சாமான் கொண்டுபோக இந்தத் தேனீ ஒன்றுதான் கதி. அதற்கு முன்னால் கழுதைகள். கழுதைக்கு இங்கே இன்னும் மரியாதை உண்டு. ஜூன் மாதத்திலும் செப்டம்பரிலும் ஊர்ச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கிறது. ஓடவேண்டிய கழுதை பாதியில் நின்றுவிடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுமாம்.

நாங்கள் நடந்த கான்கிரீட் பாலம் 1965இல் கட்டப்பட்டது. இதற்கு முன்னிருந்ததை 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்தது. பாலம் என்ற ஒன்று இல்லாத காலமும் இருந்தது. அப்போது இரண்டு ஊர்களையும் ஒரு மண்முதுகு இணைத்தது. அதன்மேல் பாதை போனது. அந்த முதுகும் மழைக்கு மழை தேய்ந்து இறங்கி, இணைப்பே அறுந்துவிட்டது. சாவது பாறை மட்டுமில்லை, பாதையும்தான்.

வாசலுக்கு வந்துவிட்டோம். சாந்தா மரியா வாசல். எத்ருஸ்கர்கள் பாறையைக் குடைந்து போட்ட வழி, அதன்மேல் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வளைவு. வளைவுக்கு மேலே இரண்டு பக்கமும் கல்லில் சிங்கங்கள், ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு மனிதத் தலை. ஒர்வியேத்தோவிலிருந்து இந்த வட்டாரத்தை ஆட்டிப்படைத்த மொனல்தெஸ்கி குடும்பத்தை எதிர்த்து மக்கள் எழுந்து வென்றதன் நினைவு என்று சொல்கிறார்கள். இடைக்காலத்து ஊர் என்றதும் மாடத்தில் ரோஜாச்செடியும் கல்பாவிய சந்தும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த ரோஜாச்செடி இங்கேயும் உண்டு. ஆனால் முதலில் கண்ணில் படுவது பகையாளியின் தலை. எனக்கு இந்த வரிசை பிடித்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு மாளிகையின் முகப்பு. கம்பீரமான கதவு, மேலே வரிசையாக ஜன்னல்கள். அண்ணாந்து பார்த்தால் ஜன்னல்களுக்குள் ஆகாயம் தெரிகிறது. வீடு இல்லை. முகப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பள்ளத்தில் போய்விட்டது. அம்மா அதன் முன் வெகுநேரம் நின்றாள். செட்டிநாட்டுப் பக்கத்தில் வளர்ந்தவளுக்குப் பெரிய வீட்டின் முகப்பும் பூட்டிய கதவும் புதிதில்லை. "நம்ம பக்கம் வீடு இருக்கும், ஆளு இருக்காது. இங்க கதவு இருக்கு, வீட்டைக் காணோம்" என்றாள்.

ஊர் சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நடுவில் சதுக்கம், இன்றும் கல் பாவாமல் வெறும் சரளையாகவே விட்டிருக்கிறார்கள். நேராக ஓடும் பிரதான தெரு ரோமானியர் வகுத்த வழியில் போகிறது. அதிலிருந்து சந்துகள் பிரிந்து, ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கைப்பிடிச் சுவரில் திடீரென்று முடிகிறது. சுவருக்கு அப்பால் காற்றுதான். வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிப்படிக்கட்டுகள். விதெர்போ பகுதிக்கே உரிய இடைக்காலக் கட்டுமானம், 'ப்ரொஃபெர்லோ' என்று பெயர். கீழ்த்தளம் தொழுவத்துக்கோ பண்டகத்துக்கோ. மனிதர்கள் குடியிருப்பது மேலே. தெருவிலிருந்து படியேறினால் வாசலுக்கு முன் சின்னதாக ஒரு மேடை. உள்ளே இருப்பவளுக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவளுக்கு வாசலில் யார் என்று தெரியும். திண்ணையைத் தூக்கி மாடியில் வைத்தால் இப்படித்தான் இருக்கும். உட்கார்ந்து பேச ஆள்தான் இல்லை. பூந்தொட்டியும் பூனையும் இருந்தன. பூனைகள் நிறைய. அவை எல்லாம் கொழுத்திருந்ததை வைத்து, ஊரில் யாரோ சமைக்கிறார்கள் என்று அம்மா முடிவு கட்டினாள்.

சதுக்கத்தில் சான் தொனாத்தோ தேவாலயம். அதற்கு முன்னால் மொட்டையாக நிற்கும் பழைய தூண் துண்டுகள். எத்ருஸ்கர் கோயிலும் ரோமானியர் கோயிலும் இருந்த இடம் இது என்பார்கள். நம் ஊரிலும் இதுதானே வழக்கம், பழைய சாமி இருந்த இடத்தில்தான் புது சாமிக்கும் நிம்மதி. ஒரு காலத்தில் இது ஆயரின் தலைமைக் கோயில். இந்த ஊர்ப் பையன் ஒருவன் ஐரோப்பா அறிந்த ஞானி ஆனான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஜொவான்னி ஃபிதான்சா. சிறுவனாக இருந்தபோது சாகக் கிடந்தவனை அசிசியின் பிரான்சிஸ் குணப்படுத்தினார், 'ஓ பொன வெந்தூரா' என்றார், அதாவது 'ஆகா, நற்பேறு', அதுவே பெயராகிவிட்டது என்பது செவிவழிக் கதை. புனித பொனவெந்தூரா 1257இல், அந்தப் பிரான்சிஸ் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவுச் சபைக்கே தலைவரானார். 1274இல் லியோன் நகரில் திருச்சங்கம் நடந்துகொண்டிருந்தபோது இறந்தார். இத்தாலியக் கவி தாந்தே தன் காவியத்தில் அவரைச் சொர்க்கத்தில் வைத்துப் பேசவிட்டபோது, தான் பான்யோரேஜோக்காரன் என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்ள வைக்கிறார். அந்த ஞானி பிறந்த வீடு? விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீடு எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது.

தேவாலயத்துக்குள் 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை ஒன்று. 1499இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தச் சிலுவை ஒரு பக்தையிடம் பேசியது, நோய் ஓயும் என்று வாக்குக் கொடுத்தது, சில நாளில் அவள் இறந்தாள், அவளோடு நோயும் நின்றது என்று கதை. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் சிலுவையிலிருந்து அந்த உருவத்தை இறக்கி, பாடையில் கிடத்தி, பாலம் தாண்டிப் பான்யோரேஜோவுக்கு ஊர்வலமாகத் தூக்கிப் போகிறார்கள். நள்ளிரவுக்குள் சீவிதாவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அது பான்யோரேஜோவுக்கே சொந்தம்.

இதைச் சொன்னதும் அம்மாவின் கண் விரிந்தது. வரலாறு, பாறை, களிமண் என்று நான் அதுவரை சொன்னதையெல்லாம் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவள். "எங்க ஊர் அம்மனும் மண்டகப்படிக்குப் பக்கத்து ஊருக்குப் போகும்ல. விடியறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரணும். இல்லாட்டி பெரிய சண்டையாயிரும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "பத்துப் பேர்தானே இருக்காக. யாரு தூக்குவா?"

நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. ஊர்வலத்தில் வருபவர்களில் பெரும்பாலோர் பான்யோரேஜோக்காரர்களாகத்தானே இருக்கமுடியும்? அப்படியென்றால் யாருக்குச் சொந்தமாகிவிடும் என்று அஞ்சுகிறோமோ, அவர்களே தோள்கொடுத்து நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் கணக்கு பழையது. இன்றைய பான்யோரேஜோ அந்தக் காலத்தில் ரோத்தா என்ற வெறும் புறஞ்சேரி. பெரிய ஊர் சீவிதாதான். 1695 ஜூனில் வந்த நிலநடுக்கத்தில் வீடுகளும் பாதையும் சிதைந்தன. ஆயர் கிளம்பினார். நகர நிர்வாகம் கிளம்பியது. அலுவலகம் போனால் எழுத்தர் போவார், எழுத்தர் போனால் கடைக்காரர் போவார். புறஞ்சேரி ஊரானது, ஊர் புறஞ்சேரியானது. பொனவெந்தூராவின் உடலை 1562இல் லியோனில் ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் எரித்தபோது, முன்னரே பிறந்த மண்ணுக்கு அனுப்பியிருந்த அவருடைய கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையும் இன்று பான்யோரேஜோவின் தேவாலயத்தில்தான் இருக்கிறது. ஆயர், அலுவலகம், ஞானியின் கை எல்லாம் அக்கரைக்குப் போன பிறகு, நள்ளிரவுக்குள் எங்கள் சாமியைத் திருப்பிக் கொடு என்று ஓர் ஊர் பிடிவாதம் பிடித்தால் அதில் நியாயம் இல்லையா?

பாறை விழுந்து சாகும் ஊர் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அங்கே ஒரு நாள் சுற்றியபிறகு எனக்கு அது பாதி உண்மையாகத்தான் பட்டது. பாறை நிதானமாக விழுகிறது. விளிம்பில் இரும்புக் கம்பிகளையும் கான்கிரீட் கிணறுகளையும் இறக்கிக் கட்டி நிறுத்துகிறார்கள். சதுக்கத்தை ஒட்டிய அலெமான்னி மாளிகையில் நிலச்சரிவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மனிதர்கள்தான் சீக்கிரம் போனார்கள். விழுந்ததால் போனவர்களைவிட, பள்ளிக்கூடமும் மருத்துவரும் அக்கரையில் இருந்ததால் போனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். மழைநாளில் கர்ப்பிணியை அந்தப் பாலத்தில் அழைத்துப் போவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படி எல்லாரும் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. ஆஸ்த்ரா சரீனா. லாட்வியாவின் ரீகாவில் 1929இல் பிறந்து அமெரிக்காவில் கட்டடக்கலை படித்தவர். 1960இல் கட்டடக்கலைக்கான ரோம் பரிசை வென்ற முதல் பெண். இந்த ஊரில் பாழடைந்த வீடொன்றை வாங்கிச் சரிசெய்து குடியேறினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்களை வருஷா வருஷம் அழைத்துவந்தார். வகுப்பு என்றால் கட்டடத்தை வரைவது மட்டுமில்லை, ஊர்க்காரர்களோடு சமைத்துச் சாப்பிட்டு, படிக்கட்டு ஏன் அங்கே இருக்கிறது என்று வாழ்ந்து தெரிந்துகொள்வது. 2008இல் இறக்கும்வரை இந்த ஊர் அவருக்கு வீடாக இருந்தது. அவர் போன்றவர்கள் வந்ததால் சுவர்கள் நின்றன. சுவர்கள் நின்றதால் வசதியுள்ளவர்கள் கோடை வீடு வாங்கினார்கள். கோடையில் ஊரில் நூறு பேர்கூட இருப்பார்களாம். நவம்பரில் வந்தவர்களுக்குப் பூட்டுதான் காட்சி.

2013இல் பான்யோரேஜோ நிர்வாகம் நுழைவுச் சீட்டு போட்டது. ஒன்றரை யூரோ. ஊரையே டிஸ்னிலேண்ட் ஆக்கிவிட்டார்கள் என்று திட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், சீட்டு போட்டபிறகுதான் கூட்டம் எகிறியது. 2010 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 பேர் வந்த ஊருக்கு, பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். காசு கொடுத்துப் பார்க்கவேண்டிய பொருள் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு போலிருக்கிறது. அந்த வருமானத்தால் பான்யோரேஜோ மக்களுக்கு ஊராட்சி வரிகளே இல்லாமல் போயின. அங்கே இளைஞர்களுக்கு உணவகத்திலும் விடுதியிலும் வேலை கிடைத்தது. குறைசொல்லத் தயாராகத்தான் போனேன். ஆனால் வேலைக்காக வேறு நாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நான், உள்ளூரிலேயே வேலை கிடைத்தவனைப் பார்த்து என்ன குறை சொல்வது? எனக்குக் கொஞ்சம் உறுத்தியது ஒன்றுதான். முன்னூறு வருஷத்துக்கு முன் அலுவலகத்தைக் கொண்டுபோன ஊருக்கே இப்போது சீட்டுப் பணமும் போகிறது.

மதியம் ஒரு குகைக்குள் சாப்பிட்டோம். இந்த ஊருக்குக் கீழே பாதி ஊர் இருக்கிறது. எத்ருஸ்கர் குடைந்த அறைகளைப் பின்னால் வந்தவர்கள் திராட்சைமது நிலவறையாக, எண்ணெய்ச் செக்காக, புறா வளர்க்கும் மாடமாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் பெரிய கல்செக்கு ஒன்று அப்படியே நின்றது. நவம்பர் என்றால் புது ஆலிவ் எண்ணெய் வரும் நேரம். தணலில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, பச்சைப் பசேலென்ற எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவிக் கொடுத்தார்கள். தொண்டையில் கொஞ்சம் காறும். அம்மா முதல் வாயில் முகம் சுளித்தாள், இரண்டாவது வாயில் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு இன்னொரு தட்டு கேட்டாள். பரிமாறிய பெண்ணிடம், நீங்கள் இந்த ஊரா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பாலத்தின் பக்கம் கையைக் காட்டினார். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்.

"அப்ப அவுக கணக்குல சேராது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் அவள் பார்த்தது வேறு ஊர். நான் வளைவுகளையும் கல்லையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொடியில் துணி காய்கிறதா, வாசற்படியில் செருப்புக் கிடக்கிறதா, தோட்டத்தில் கீரை பாத்தி கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு வீட்டுப் படியில் விறகு அடுக்கியிருந்ததைக் காட்டி, "நேத்து வெட்டுனது" என்றாள். ஊரின் மறுகோடியில், பாறையைக் குடைந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் 'புக்காயோனே' சுரங்கவழி வரை போனோம். இறங்க அம்மாவின் மூட்டு இடம்கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு விளிம்புத் தோட்டத்தின் வேலி இரண்டு முறை உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தது. பழைய வேலிக்கம்பம் ஒன்று காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வேர்ப்பக்கம் மண் இல்லை.

நாலரைக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. உணவகங்கள் கதவைச் சாத்தின. நாங்கள் பாலத்தில் இறங்கும்போது, எங்களோடே அந்தப் பரிமாறிய பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேகமாக இறங்கினார்கள். தேனீ வண்டி காலிப் பெட்டிகளோடு எங்களைத் தாண்டிப் போனது.

பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. காலையில் பனிமூட்டத்தைப் பார்த்து நின்ற அதே விளிம்பில், கல்திண்டில் உட்கார்ந்தோம். எதிரே ஊரில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மஞ்சள் வெளிச்சம் பாறையில் வழிந்தது. நான் எண்ணத் தொடங்கினேன்.

"விளக்கை எண்ணாதப்பா" என்றாள் அம்மா. "அது பஞ்சாயத்து லைட்டு. ஆளில்லாட்டியும் எரியும். புகையைப் பாரு."

பார்த்தேன். கூரைகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள்.

"ஒண்ணு. அந்தா ரெண்டு. கோயிலுக்குப் பின்னாடி ஒண்ணு, மூணு."

"அது ஹோட்டலா இருக்கும்மா."

"ஹோட்டல்காரகதான் நம்ம கூடவே எறங்கி வந்துட்டாகளே."

நான் வாயை மூடிக்கொண்டேன். குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அவள் கூரை கூரையாகப் போய்க்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க எழுந்தபோதும் பார்வையை எடுக்கவில்லை.

"இருப்பா. அந்தக் கடைசி ஓரத்துல, வேலியை உள்ள தள்ளிப் போட்டிருந்தாகளே, அந்த வீடு. இப்பத்தான் மூட்டுறாக. நாலு."